மழையில் விட்ட கோப்பி

முருங்கனில் கோப்பிக்கொட்டை காய வைக்கும் களத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறார்கள். கோப்பியை எவ்வளவு தடிப்பில் பரப்புவது, எத்தனை தரம் கிளறுவது என்பதையெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் அவள் தனக்குப் பிடித்ததைத்தான் சொல்லுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வங்காலைக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கருவாடு காயப்போட்டவர். நான் கோப்பி வேலைக்குப் போகிறேன் என்றதும் ஊரில் சிரித்தார்கள். மீன் வாடையில் வளர்ந்த மூக்குக்குக் கோப்பியில் என்ன தெரியப்போகிறது என்று கேட்டார்கள். இரண்டு குவியல் கருவாட்டில் எது சரியாகக் காயாதது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வீட்டில் வளர்ந்தவள் நான். இந்த வேலைக்கு அதைவிட நல்ல படிப்புக் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ஒரு தடவை எங்கள் சாக்குகளைக் கொழும்புக்கு ஏற்ற வந்த லொறி, அதற்கு முதல் விடத்தல்தீவில் கருவாடு ஏற்றி இறக்கியிருந்தது. சாரதி சத்தியம் பண்ணாத குறை. "கழுவியாச்சு அக்கா, சவுக்காரம் போட்டுக் கழுவியாச்சு" என்றார். நான் பின்பக்கத்தால் ஏறித் தலையை உள்ளே விட்டேன். "தம்பி, சூடைக் கருவாடோ?" என்று கேட்டேன். அவர் லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். கோப்பி பக்கத்தில் இருப்பதையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும் சாமான். அதைக் காவல் காப்பதுதான் உங்கள் வேலை. ஆனால் எதிலிருந்து காவல் காப்பது என்பதில் எல்லோரும் பிழை விடுவார்கள். அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன்.

மன்னாரில் கோப்பி விளையாது. இங்கே விளைவது வெயில். கொத்மலைப் பக்கத்து மேட்டு நிலங்களில் வீட்டைச் சுற்றிக் கோப்பி வைத்திருக்கிற சின்னச் சின்னக் குடும்பங்களுக்கு எல்லாம் இருக்கிறது, வெயில்தான் இல்லை. பழம் பறிக்கிற காலத்தில் அங்கே ஒரே மூடுபனியும் தூறலும். காய வைக்க வழியில்லாமல் பாதி ஈரத்தோடு பக்கத்து டவுன் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் ஊரிலுள்ள எல்லார் வீட்டுக் கோப்பியையும் ஒரே பீப்பாவில் கொட்டுவார். அதோடு கதை முடிந்தது. இங்கே முருங்கனைச் சுற்றி மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மேலே மலையில் சொந்தங்கள் இருக்கின்றன. கழுவிய கோப்பியை ஈரத்தோடே லொறியில் இறக்கி, இங்கே ஒரு பழைய நெல் மில்லின் சீமெந்துக் களத்தில் காய வைக்கலாம் என்ற யோசனை அந்தச் சொந்தத்தில்தான் பிறந்தது. நான் அந்தக் களத்துக்குப் பொறுப்பாக இருந்தேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: ஒரு குடும்பத்துக் கோப்பி இன்னொரு குடும்பத்துக் கோப்பியோடு சேரக்கூடாது. வாங்குபவர் முசலிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர். கொழும்பில் கோப்பிக் கடை வைத்திருந்தார். நாங்கள் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். சாக்கில் எந்த வீட்டின் பெயர் இருக்கிறதோ, அந்த வீட்டின் பெயரிலேயே கடையில் விற்பார். கோப்பி பிடித்திருந்தால் வருசா வருசம் அந்த வீட்டிலிருந்தே எடுப்பார். பிடிக்காவிட்டால் எடுக்க மாட்டார். ஆள் தங்கம், நாக்கு மட்டும் இரும்பு.

அந்த வருசம் ஆறு குடும்பத்துக் கோப்பி களத்தில் கிடந்தது. கடைசியாக வந்தது யோகராஜ் என்பவருடையது. அவருக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் களத்தில் வேலை செய்த செல்வராணியின் அண்ணன் அவர். செல்வராணி மலையிலிருந்து முருங்கனுக்குக் கலியாணம் முடித்து வந்தவர். அண்ணனைச் சம்மதிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். போனில் கெஞ்சுவார், சண்டை பிடிப்பார், அழுவார். கடைசியில் சாக்குகள் வந்து இறங்கியபோது, அவற்றில் எழுதியிருந்த அண்ணனின் பெயரை வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுடைய பரம்பரையில் யாருடைய பெயரும் தாங்கள் பறித்த எதன் மீதும் இருந்ததில்லை. அது தனக்கு என்ன என்பதை அவர் விளக்கவில்லை. எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மாசி மாதத்தில் மன்னாரில் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்று முற்பகல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மாறியதும் எனக்கு விளங்கிவிட்டது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நெல் வேலை செய்து பழகியவர்கள். மழை வந்தால் நெல்லுக்கு என்ன செய்வார்கள்? பலகையை எடுத்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தள்ளி, மேலே படங்கைப் போட்டு மூடுவார்கள். யோசிக்க மாட்டார்கள். கை தானாகச் செய்யும். கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் கந்தோர் வாசலுக்கு வருவதற்குள் நாலு பேர் பலகையோடு இறங்கிவிட்டார்கள்.

"குவிக்க வேண்டாம்" என்று கத்தினேன். "அவரவர் கோப்பி அவரவர் இடத்திலேயே. ஒண்டோட ஒண்டு முட்டக்கூடாது."

"அக்கா, மழை வருது" என்றார் ஒருவர், எனக்குக் கண் தெரியாது என்பதுபோல.

"வரட்டும். தனித்தனியா மூடுங்கோ."

அங்கேதான் பிரச்சினை வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் இரண்டு படங்கு போதும். தனித்தனியாக மூடினால் ஆறு வேண்டும். இருந்தது ஐந்து. கொட்டகை முழுக்க மில்காரரின் நெல் மூட்டை. சாக்கில் அள்ளிக் கட்ட நேரமில்லை. ஒரு குடும்பத்துக் கோப்பி மழையில் நனையத்தான் வேண்டும். எது என்பதை நான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள், இப்படியான நேரத்தில் யாருடைய முகத்தையும் பார்க்காதீர்கள். கோப்பியைப் பாருங்கள். காய்ந்து முடியப்போகிற கோப்பி மறுபடி நனைந்தால் ஓடு வெடிக்கும், பூசணம் பிடிக்கும், அதோடு சரி. நேற்றுத்தான் ஈரத்தோடு வந்த கோப்பிக்கு மழை பெரிய ஆள் இல்லை. மலையில் கழுவியதை மழை இன்னொரு தரம் கழுவும். குவித்து வைத்தால்தான் அது சூடேறிக் கெடும். பரப்பியபடியே விட்டால் தப்பும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு மூச்சுப் பிடிக்கிற நேரம்தான் எடுத்தது. நேற்று ஈரத்தோடு வந்தது யோகராஜின் கோப்பி.

"யோகராஜின்ரய விடுங்கோ. மற்ற அஞ்சையும் மூடுங்கோ."

செல்வராணி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "எங்க அண்ணனோடதையா அக்கா?" என்று மட்டும் கேட்டார். காரணம் சொல்ல எனக்கு நேரமில்லை. முதல் துளிகள் சீமெந்தில் விழத் தொடங்கிவிட்டன. நான் அடுத்த படங்கை இழுக்கப் போய்விட்டேன்.

நல்ல மழை. ஆனால் நின்று பெய்யவில்லை. கந்தோர் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். சாப்பிடுகிற பொருளைக் கண்ணெதிரே நனைய விடுவது நெல்லுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்பதை அந்த அமைதியில் உணர்ந்தேன். செல்வராணியை அங்கே காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

மழை விட்டதும் வெயில் ஒன்றும் நடக்காததுபோல வந்தது. படங்குகளைத் தூக்கினோம். நாலு படங்குக்குக் கீழே எல்லாம் சரி. ஐந்தாவதுக்குக் கீழே பார்வதி என்கிற பெண்ணின் குடும்பத்துக் கோப்பி. யோகராஜின் கோப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. படங்கைத் தூக்கியபோது அதன் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. ஈரக் கோப்பியை யாரோ அள்ளி அள்ளி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சீலை நனைந்து ஒட்டிப்போய், முழங்கை வரை அழுக்கோடு செல்வராணி பக்கத்திலேயே நின்றார்.

"நான்தான் அக்கா" என்றார். "பாத்துக்கிட்டு நிக்க முடியல. ஓரத்துல கொஞ்சம் வச்சுக்கலாம்னுதான் நெனச்சேன். அது சரிஞ்சு உள்ள போயிருச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பார்வதியின் கோப்பி அந்த வருசத்தில் எங்களிடம் இருந்ததிலேயே நல்லது. "நீர் என்ன செய்தனீர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். "ஒருத்தரின்ரய காப்பாத்தப் போய் ரெண்டு பேரின்ரயயும் கெடுத்திட்டீர்." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது. திட்டுகிறவளுக்கு எதிரே நின்று யாராவது நியாயம் பேசினால் மனம் கொஞ்சம் ஆறும்.

பக்கத்தில் நின்ற ஒருவர் மெல்லச் சொன்னார்: "விடுங்க அக்கா. ரெண்டும் ஒரே மலைதான். பக்கத்துப் பக்கத்து வீடுதான். கலந்து காய வச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

இந்தக் கேள்வி உங்கள் காதிலும் ஒருநாள் விழும். நல்லவர்தான் கேட்பார், நல்ல நோக்கத்தோடுதான் கேட்பார். பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். குனிந்து வேலையைத் தொடங்குங்கள்.

நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பார்வதியின் கோப்பி வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது. கையில் குலுக்கினால் கலகலக்கும். யோகராஜின் கோப்பி கறுத்து, நகம் பதிகிற மெதுமையாக இருந்தது. இன்றைக்கு இரண்டும் வேறு வேறு. நாளை வெயிலில் கிடந்தால் கருமை வெளுக்கத் தொடங்கும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே பிரித்தால்தான் உண்டு. முறங்களையும் சுளகுகளையும் கொண்டுவரச் சொல்லி, முதலில் நான்தான் களத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மில்காரரின் ஆட்கள் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. காய்ந்தது ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். இடையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்து பாதி நனைந்துபோன பருப்பு, எந்த வீட்டுக்கு உரியது என்று சொல்ல முடியாதது, மூன்றாவது பக்கம். செல்வராணி தலை நிமிரவில்லை. அவருடைய விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து என் கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்தி மங்குவதற்குள் முடித்துவிட்டோம். மூன்றாவது குவியல் கொஞ்சம்தான் இருந்தது.

அன்றே இரண்டு வீட்டுக்கும் போன் எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பார்வதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சந்தேகமானத அவங்களுக்கே போட்டுருங்க, பாவம் மொதல் தடவை" என்றார். யோகராஜ், "அதெல்லாம் பார்வதி அக்காவுக்கே குடுத்துருங்க, தங்கச்சி செஞ்ச தப்புதானே" என்றார். ஆனால் இருவருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். இந்த வேலையில் நான் பார்த்த கலப்படங்களில் திருட்டுப் புத்தியால் நடந்தவை குறைவு. பெரும்பாலானவை இப்படி அன்பாலும் பெருந்தன்மையாலும் நடந்தவை. அந்த மூன்றாவது குவியலை நாங்களே வறுத்து, மல்லி போட்டு இடித்து, களத்தில் எல்லோரும் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

யோகராஜின் கோப்பியைப் பிறகு நானே நின்று காய வைத்தேன். கிளறிக் கிளறித் தோள் விட்டுப்போனது. மழையில் விடச் சொன்னவள் நான் அல்லவா. வெளியில் திடமாகத்தான் நடந்தேன், உள்ளே ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. களத்தில் எல்லோரும் அந்தக் கோப்பி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

ஹாஜியார் சுவை பார்க்க வந்தார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கோப்பை எந்த வீடு என்று அவருக்குச் சொல்வதில்லை. ஆறு கோப்பைகளையும் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். செல்வராணி கதவோரத்தில் நின்றார். ஹாஜியார் ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து உறிஞ்சினார். பார்வதியின் கோப்பைக்கு வந்ததும் "மாஷா அல்லாஹ்" என்று கண்ணை மூடினார். கடைசியாக இருந்த யோகராஜின் கோப்பையில் உறிஞ்சியவர் நின்றார். மறுபடி உறிஞ்சினார்.

"தங்கச்சி, இது சரியில்ல" என்றார்.

நானும் ஒரு கரண்டி எடுத்தேன். நாக்கில் பட்டதுமே விளங்கியது. நொந்த பழத்தின் புளிப்பு. மழை கெடுத்த கோப்பியில் பூசண வாடை வரும், ஈரச் சாக்கை முகர்ந்ததுபோல இருக்கும். இது அது இல்லை. மலையில் பழத்தின் சதையை உரித்த பிறகு, பருப்பில் ஒட்டியிருக்கும் வழுவழுப்புப் போவதற்குத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவார்கள். கழுவப் பிந்தினால்தான் இந்தப் புளிப்பு வரும். கெட்டது என் களத்தில் அல்ல, மேலே.

செல்வராணி பக்கத்தில் வந்து என் காதோடு சொன்னார்: "மழைன்னு சொல்லிருங்க அக்கா. நான் செஞ்சதுதானே. அண்ணன் பேரு கெட வேணாம்."

எவ்வளவு லேசான வழி. எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள். மழைக்கு மானம் மரியாதை கிடையாது, எவ்வளவு பழியையும் தாங்கும். மறுபக்கம், மழை இல்லை என்று நான் சொன்னால், தன் பிழையை மறைக்க மலைக்காரன் மீது பழி போடுகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே தீர்ப்பை என் வாயால் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

"ஹாஜியார், ஆறில ஒண்டை நான் மழையில நனைய விட்டனான்" என்றேன். "இதுதான் அது. என்ன பிழை எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு மூன்றாவது தரம் உறிஞ்சினார். தலையை ஆட்டினார். "மழை இதில இல்ல. தொட்டியில கூட நேரம் கிடந்திருக்கு. அந்த வீட்டுக்குப் போன் எடுங்க, கேப்பம்."

போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன். கழுவப் பிந்தியதா என்று ஹாஜியார்தான் கேட்டார். யோகராஜ் சொன்னார்:

"ஆமாங்க. அன்னைக்கு மண்ணு சரிஞ்சு தண்ணிக் குழாய் ஒடைஞ்சு போச்சு. கழுவத் தண்ணி இல்ல. விடியுற வரைக்கும் தொட்டியிலேயே கெடந்துச்சு. சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

செல்வராணி சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தன்னால் கெட்டது என்று அத்தனை நாளும் தூங்காமல் இருந்த பெண். எனக்கும் கண் கலங்கியது. அதில் பாதி எனக்காகத்தான் என்பதை ஒளிக்க மாட்டேன். பார்வதியின் கோப்பியோடு இது கலந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இந்த முறை எனக்கு எடுக்க ஏலாது மகன்" என்றார் ஹாஜியார். "ஆனா அடியில நல்ல இனிப்புக் கிடக்கு. மரத்தில பிழை இல்ல, மண்ணில பிழை இல்ல. அந்த ஒரு ராத்திரிதான்."

"இனிப்பு இருக்குங்களா?" என்று கேட்டார் யோகராஜ். அவர் அதை இன்னொரு தரமும் கேட்டார். பிறகு, "எங்கப்பா காலத்துல இருந்து டவுன் கடைக்குத்தான் குடுத்தோம். நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, நல்லா இல்லன்னும் சொன்னதில்ல" என்றார்.

அதற்குள் செல்வராணி மேசைக்கு வந்துவிட்டார். "அண்ணே, தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு பீப்பா வாங்கி எப்பவும் தண்ணி புடிச்சு வை. இனிமே குழாய் ஒடைஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லு. மறைச்சேன்னா அங்க வந்து நிப்பேன்." கண்ணில் தண்ணீர் வடிய வடிய அதட்டினார். ஹாஜியார் சிரித்துவிட்டார்.

ஹாஜியார் மற்ற ஐந்தையும் எடுத்துக்கொண்டு போனார். யோகராஜின் சாக்குகளை மன்னார் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அங்கே யாருடைய கோப்பி என்று யாரும் கேட்க மாட்டார்கள். தோற்ற கோப்பி பெயரோடு கடைவாசலில் கிடப்பது அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. போனில் கேட்டேன்: "தம்பி, சாக்கில பெயரை அழிச்சிட்டு அனுப்பட்டோ?"

"வேணாங்கக்கா. இருக்கட்டும்" என்றார். "எங்களோடதுதானே."